தண்ணீர் நிறைந்த மீன் தொட்டியில் மணல் போட்ட பிறகு வரும் தொல்லைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தொட்டியில் தண்ணீரும் மீனும் இருக்கும்போதே மணல் போடலாம். அதில் தவறில்லை. ஆனால் மணல் போட்ட மறுநாள் தொட்டி பராமரிப்பவனுக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "தண்ணி கலங்கிப் போச்சு சார். மொத்தமா கொட்டிட்டு புதுசா ஊத்திட்டேன். ஃபில்டரையும் நல்லா கழுவிட்டேன். இப்ப மீனெல்லாம் மேல வந்து நிக்குது." மணலால் செத்த மீனை விட, கலங்கலைப் பார்த்துப் பதறிச் செய்த வேலையால் செத்த மீன்தான் அதிகம்.

அதனால் கீழே எந்த அறிகுறி உங்களுடையதாக இருந்தாலும் இரண்டு காரியம் செய்யாதீர்கள். முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், தொட்டியிலிருந்து எடுத்த ஒரு மக் தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

அளவுகளை எல்லாம் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டிக்குச் சொல்கிறேன். அதில் விளிம்பு வரை சுமார் 55 லிட்டர் பிடிக்கும். 3 செ.மீ. உயரத்துக்கு மணல் பரப்ப 8 முதல் 9 கிலோ வேண்டும்.

அறிகுறி 1: மணல் போட்ட உடனேயே தண்ணீர் கலங்கிவிட்டது

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, யாரும் அசைக்காத இடத்தில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் மேலே தெளிந்து அடியில் வண்டல் படிந்திருந்தால் அது மணல் பொடி. இந்தப் பகுதி உங்களுக்குத்தான். காலையிலும் டம்ளர் முழுக்க ஒரே மங்கலாக இருந்தால் அறிகுறி 2-க்குப் போய்விடுங்கள். இந்த டம்ளர் சோதனையைத் தவிர்த்துவிட்டு மருந்து வாங்க ஓடுபவர்கள்தான் அதிகம் செலவு செய்கிறார்கள்.

*ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மணலைக் கொட்டினீர்களா?* பொடி கீழே உட்கார ஃபில்டர் விடாது. அதை நிறுத்தி, ஏர் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, ஒரு மணி நேரம் விடுங்கள். அதற்கு மேல் பல மணி நேரம் ஃபில்டரை நிறுத்தி வைக்க வேண்டாம், உள்ளே இருந்து மீன் கழிவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியா மூச்சடைத்துச் சாகும். பிறகு ஃபில்டரில் வெள்ளைப் பஞ்சு ஒரு துண்டு புதிதாகச் சேர்த்து ஓட்டுங்கள். பழைய ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள். புதுப் பஞ்சை மட்டும் தினமும் அலசலாம், அதைக் குழாயிலேயே அலசினாலும் பாதகமில்லை.

*மணலைச் சரியாகக் கழுவினீர்களா?* "நாலு தண்ணி கழுவினேன்" என்பது கணக்கே இல்லை. வாளியில் 2 கிலோ, 3 கிலோவாகப் போட்டு, அரிசி களைவது போலக் கையால் அடிவரை கிளறி, கலங்கல் நீரைச் சாய்த்துக் கொட்ட வேண்டும். நிறுத்தும் புள்ளி இதுதான்: கிளறிவிட்டுக் கையை எடுத்த 10 வினாடியில் வாளியின் அடி தெரிய வேண்டும். கழுவாமல் போட்டுவிட்டீர்கள் என்றால், தண்ணீரில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை மாற்றி, பஞ்சை வைத்து ஓட்டி, 2 நாள் பொறுங்கள். மணலைக் கையால் கிளறி "சரி" செய்யப் பார்க்காதீர்கள். உட்கார்ந்த பொடி திரும்ப எழும்பும்.

*மணலே தப்பான மணலா?* 3 நாள் ஆகியும் டம்ளரில் சாம்பல் நிற வண்டல் படிந்துகொண்டே இருந்தால் இதுதான் காரணம். ஆற்று மணல் என்று கேட்டால் எம்-சாண்ட் கொடுக்கும் இடங்கள் உண்டு. மிச்சமிருக்கும் மணலை ஈரமாக்கி உள்ளங்கையில் தேயுங்கள். ஆற்று மணலில் பழுப்பு, வெள்ளை, கருப்பு என்று பல நிறக் குறுணை இருக்கும், முனை மழுங்கியிருக்கும், கையைக் கழுவினால் போய்விடும். எம்-சாண்ட், பி-சாண்ட் இரண்டும் கருங்கல்லை உடைத்துச் செய்தவை. ஒரே சாம்பல் நிறம், கூர் முனை, ரேகைக்குள் சாம்பல் பசை ஒட்டி நிற்கும். எத்தனை முறை கழுவினாலும் பொடி வரும், கோரிடோரஸ் போல அடியில் மேயும் மீனின் மீசையையும் அறுக்கும். இதற்கு வைத்தியம் கிடையாது, எடுத்துவிட வேண்டியதுதான். விரல் பருமனுள்ள ட்யூபால் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சினால் மணல் எளிதாக வந்துவிடும். ஒரே நாளில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள்.

மாற்று மணல் வாங்குவதாக இருந்தால், வீட்டு மேல்மாடியில் வைக்கும் தண்ணீர் ஃபில்டர் டேங்குக்குள் போடும் சிலிக்கா மணல் நல்லது. அளவு பார்த்துச் சலித்து வரும், பொடி குறைவு.

போடும் முறையும் ஒரு காரணம்தான். காய்ந்த மணலை மேலிருந்து கொட்டாதீர்கள். ஒன்றரை அங்குல பிவிசி குழாயை அடிவரை இறக்கி, மேல்வாயில் அரை பாட்டிலைப் புனலாக வைத்து, ஈர மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அடைத்துக்கொண்டால் ஒரு மக் தொட்டித் தண்ணீரை மேலே ஊற்றினால் இறங்கிவிடும். குழாய் இல்லையா, பிளாஸ்டிக் டப்பாவில் ஈர மணலை நிரப்பி மூடியோடு உள்ளே இறக்கி, அடியில் வைத்து மூடியைத் திறந்து மெதுவாகச் சாயுங்கள்.

அறிகுறி 2: முதலில் தெளிந்த தண்ணீர், இரண்டு மூன்று நாள் கழித்து பால் வெள்ளையாக மாறிவிட்டது

இது பொடி இல்லை, பாக்டீரியா. கிட்டத்தட்ட எப்போதும் ஒரே கேள்விக்குத்தான் பதில் "ஆமாம்" என்று வரும்: மணல் போடுவதற்காகப் பழைய கூழாங்கல்லை மொத்தமாக எடுத்துவிட்டீர்களா? மீன் கழிவைச் செரித்துக்கொண்டிருந்த பாக்டீரியாவில் ஒரு பெரும் பங்கு அந்தக் கல்லில்தான் ஒட்டியிருந்தது. அதோடு ஃபில்டரையும் கழுவியிருந்தால் இரட்டை அடி.

செலவில்லாத காரியங்கள் முதலில். தீனியை 2 நாள் நிறுத்துங்கள். பெரிய மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஏர் பம்ப்பை இரவும் பகலும் ஓடவிடுங்கள், பெருகும் பாக்டீரியா தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். எடுத்த கல்லைத் தூக்கிப் போடாமல் ஈரமாக வைத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு பிடியைப் பழைய ஸ்டாக்கிங்ஸ் துணியிலோ வலைப்பையிலோ கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். வெயிலில் காய்ந்துவிட்ட கல்லால் பயனில்லை.

அடுத்து, மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியாவைப் பார்க்கும் டெஸ்ட் கிட். 0.25 பி.பி.எம். காட்டினால் தீனியை நிறுத்தித் தினமும் பாருங்கள். 0.5 அல்லது அதற்கு மேல் என்றால் தினமும் 30 சதவீதத் தண்ணீர் மாற்றம். சென்னைப் பக்கம் போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பி.எச். உயர உயர, சூடு ஏற ஏற, அதே அளவு அமோனியா மீனுக்கு இன்னும் கொடிதாகும்.

படிகாரம் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். குடத்துத் தண்ணீருக்கு அது சரி. மீன் இருக்கும் தொட்டியில் வேண்டாம், தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று பி.எச்.சை இறக்கிவிடும். தேற்றாங்கொட்டையும் வேண்டாம். அதுவும் விதைதான், பாக்டீரியாவுக்கு மேலும் தீனி.

பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகத் தெளியும். அதற்குள் தெளிவதற்காக எதையும் செய்ய வேண்டியதில்லை. அமோனியாவை மட்டும் பிடித்து வைத்திருந்தால் போதும். அடுத்த தொட்டிக்கு ஒரு யோசனை: பாதிக் கல்லை முதலில் எடுத்து அந்தப் பாதியில் மணல், இரண்டு வாரம் கழித்து மறுபாதி.

அறிகுறி 3: மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

கௌராமி, ஃபைட்டர் இரண்டும் காற்றைக் குடிக்க மேலே வருவது அவற்றின் வழக்கம். மற்ற மீன்களும் சேர்ந்து மேலே நிற்கின்றனவா என்று பாருங்கள். எப்போது ஆரம்பித்தது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

*தண்ணீர் ஊற்றிய ஒரு மணி நேரத்துக்குள்:* குளோரின். மணலைக் கழுவிய தண்ணீரால் அல்ல, கலங்கலைப் போக்க நீங்கள் ஊற்றிய புதுத் தண்ணீரால். மீன்கள் அங்குமிங்கும் துள்ளி ஓடும், செவுள் வேகமாக அடிக்கும். மாநகராட்சித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கிலேயே தெரியும். ஆன்டி குளோரின் உடனே போடுங்கள். ஊற்றிய தண்ணீருக்கு மட்டும் கணக்குப் பார்க்காமல் தொட்டி முழுத் தண்ணீருக்கும் சேர்த்து, டப்பாவில் சொன்ன அளவு. வீட்டில் இல்லையென்றால் ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வைத்துவிட்டு கடைக்கு ஓடுங்கள். கொளத்தூர் போல மீன் கடைகள் நிறைந்த ஊரில் இருப்பவர்களுக்கு இது பத்து நிமிட வேலை, மற்றவர்கள் மணல் வேலைக்கு முன்பே ஒரு பாட்டில் வாங்கி வைத்துவிடுங்கள்.

*பழைய கல்லைக் கிளறி எடுத்த அதே வேளையில்:* அடியில் சேர்ந்திருந்த கசடு முழுக்கத் தண்ணீரில் கலந்துவிட்டது. 30 சதவீதம் மாற்றுங்கள், காற்று கொடுங்கள். மீன் சாய்ந்து மிதக்க ஆரம்பித்தால், குளோரின் நீக்கிய தண்ணீர் உள்ள வாளிக்கு மாற்றி அதில் ஏர் ஸ்டோன் போடுங்கள். வாளித் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

*ஒன்று இரண்டு நாள் கழித்து, நாள் முழுக்க:* அமோனியா. அறிகுறி 2-இல் சொன்னதுதான்.

*விடியற்காலையில் மட்டும், பகலில் சரியாகிவிடுகிறது:* ஆக்சிஜன் குறைவு. செடி நிறைய இருக்கும் தொட்டியில், சித்திரை வைகாசி வெயிலில் வரும். மணலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மணலை உறிஞ்சிவிடும் என்று பயந்து ஃபில்டரின் வேகத்தைக் குறைத்து வைத்திருப்பீர்கள், அதுதான். வேகத்தைக் கூட்டுங்கள், வெளியேறும் வாயைத் தண்ணீர்மட்டத்தை நோக்கித் திருப்புங்கள்.

*எப்போது மற்றவரைக் கூப்பிடுவது:* குளோரின் நீக்கியாயிற்று, அமோனியா பூஜ்யம், காற்று ஓடுகிறது, ஆனாலும் தினம் ஒரு மீன் சாகிறது என்றால் அது மணல் தொல்லை இல்லை, நோய். கடையில் கேட்டு ஒவ்வொரு மருந்தாக ஊற்றிப் பார்ப்பதை அத்தோடு நிறுத்துங்கள். மருந்தில் பல, ஃபில்டர் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். மீனின் உடல், செவுள் இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்து, மீன் நோய் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பொன்னேரியிலும் தூத்துக்குடியிலும் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன, விலை உயர்ந்த மீன் என்றால் அங்கே விசாரிப்பது வீண் போகாது.

அறிகுறி 4: தண்ணீர்மட்டத்தில் மணல் மிதக்கிறது

காய்ந்த மணலைப் போட்டிருக்கிறீர்கள். நாளிதழ்த் தாள் ஒன்றைத் தண்ணீரின் மேல் படுக்க வைத்து ஒரு ஓரத்திலிருந்து தூக்குங்கள், ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மிச்சத்தை விரலால் தட்டினால் மூழ்கும். ஆபத்தில்லை.

அறிகுறி 5: ஃபில்டர் கரகரவென்று சத்தம் போடுகிறது, அல்லது நின்றுவிட்டது

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். நடுவில் காந்தத்தோடு சேர்ந்த சிறு விசிறி இருக்கும், அதுதான் இம்பெல்லர். அதை இழுத்தால் வந்துவிடும். பழைய டூத் பிரஷால் விசிறியையும் அது உட்காரும் குழியையும் துடைத்து அலசுங்கள். பாதிப் பேருக்கு இதோடு முடிந்தது.

காந்தத்தைச் சுற்றி மையாகக் கருப்புப் பொடி அப்பியிருக்கிறதா? துடைத்தாலும் மறுபடி வருகிறதா? உங்கள் மணலில் காந்தத்தில் ஒட்டும் கனிமம் இருக்கிறது. ஆற்று மணலில் கொஞ்சம் இருக்கும். தென் மாவட்டக் கடற்கரை மணலில் இல்மனைட் போன்ற கனமான கருமணல் நிறையவே இருக்கும். சின்ன வயதில் மணலுக்குள் காந்தத்தை விட்டு எடுத்து விளையாடியவர்களுக்குத் தெரியும். அதே விளையாட்டை இப்போது செய்ய வேண்டும். காந்தத்தை பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து, காய்ந்த மணலில் ஓட்டுங்கள். ஒட்டியதைக் கவரை உருவி உதறிவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். ஏற்கனவே தொட்டிக்குள் போய்விட்ட மணலுக்கு இந்த வழி உதவாது, ஆகவே இம்பெல்லரை அடிக்கடி திறந்து பார்ப்பதுதான். அதே காரணத்துக்காக, கண்ணாடி துடைக்கும் காந்த கிளீனரை மணல்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலேயே நிறுத்திவிடுங்கள். இடையில் ஒரு மணல் குறுணை மாட்டினாலும் கண்ணாடி நெடுகக் கீறல் விழும்.

மணல் உள்ளே போவது ஏன்? உறிஞ்சும் வாய் மணலுக்கு ரொம்பப் பக்கம் இருக்கும். 3 அங்குலமாவது மேலே தூக்குங்கள், வாயில் ஒரு ஸ்பாஞ்ச் உறை மாட்டுங்கள். ஃபில்டர் வெளியேற்றும் தண்ணீர் நேராக மணலில் அடித்துப் பள்ளம் தோண்டுகிறதா என்றும் பாருங்கள்.

துடைத்த பிறகும் சத்தம் வந்தால் நடுவிலுள்ள பீங்கான் கம்பியைப் பாருங்கள். தேய்ந்தோ உடைந்தோ இருந்தால் இம்பெல்லர் செட்டை மட்டும் மாற்றலாம். குழியின் உட்சுவரே கீறிப் போயிருந்தால் புது மோட்டார்தான்.

அறிகுறி 6: மணல் காணாமல் போய், அடியிலிருந்த கூழாங்கல் மேலே வந்துவிட்டது

கல்லை எடுக்காமல் அதன் மேலேயே மணல் போட்டால் இப்படித்தான் ஆகும். மணல் குறுணை சின்னது, கல் இடுக்கு வழியாக இறங்கும். இன்னும் கொஞ்சம் மணல் வாங்கிப் போட்டால் சரியாகும் என்று நினைக்காதீர்கள், அதுவும் இறங்கும். கல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை.

அறிகுறி 7: மணலில் கருப்புத் திட்டு, கிளறினால் நாற்றம்

இது மணல் போட்டுச் சில வாரம், சில மாதம் கழித்து வருவது. முதலில் கருப்பு எதனால் என்று பாருங்கள். அறிகுறி 5-இல் சொன்ன கருமணல் கனமானது, மெல்ல ஒன்றுசேர்ந்து வரி வரியாகத் தெரியும், வாசனை இருக்காது. அதை விட்டுவிடலாம்.

குச்சியால் லேசாகக் குத்தும்போது குமிழி வந்து, அதில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், அது காற்றுப் போகாத இடத்தில் உருவான வாயு. வெளிக் கண்ணாடியில் ஸ்கேல் வைத்து மணலின் உயரத்தை அளந்து பாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதுதான் காரணம், 3 செ.மீ. ஆகக் குறையுங்கள். உயரம் சரியாக இருந்தும் வந்தால், தீனி அதிகம். பாறைக்கும் பொம்மைக்கும் அடியில் தேடினால் பாதி அங்கே கிடைக்கும்.

திட்டு உள்ளங்கையை விடச் சிறியதாக இருந்தால், தண்ணீர் மாற்றும் நாளில் அந்த இடத்தை மட்டும் ட்யூபால் உறிஞ்சி எடுங்கள். தொட்டி நெடுகப் பரவியிருந்தால் மீனை வெளியே எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மீன் உள்ளே இருக்கும்போது மொத்தமாகக் கிளறுவதுதான் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான வேலை. பிறகு மலேசியன் ட்ரம்பெட் நத்தை நாலைந்து விட்டால் அவை மணலுக்குள்ளேயே உழுதுகொண்டிருக்கும். பெருகும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி 8: மணல் மேல் பழுப்புப் படலம்

டயாட்டம் பாசி. புதிய மணலில் வரும், சில வாரத்தில் போகும். ட்யூபை மணலுக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்து உறிஞ்சுங்கள், போதும். படலம் பச்சையாக, வழவழப்பாக, தோல் உரிவது போல வந்து நாற்றமும் அடித்தால் அது வேறு. விளக்கு நேரத்தையும் தீனியையும் குறைத்து, கையால் உரித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அறிகுறி 9: பி.எச். ஏறிக்கொண்டே போகிறது

மணலில் கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்போ இருக்கலாம். காய்ந்த மணல் ஒரு ஸ்பூன் எடுத்து, அது மூழ்கும்வரை வினிகர் ஊற்றிக் காதருகே வையுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்காவிட்டாலும் சந்தேகம் தீரவில்லை என்றால், இரண்டு பாட்டிலில் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்து ஒன்றில் மட்டும் மணல் போட்டு ஒரு வாரம் கழித்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் குற்றவாளி மணல் இல்லை, உங்கள் போர் தண்ணீர்.

மணலில்தான் சுண்ணாம்பு என்று உறுதியானாலும் உடனே எடுக்க வேண்டியதில்லை. கப்பி, மோலி, ஆப்பிரிக்கன் சிக்லிட் வளர்ப்பவர்களுக்கு அது நல்லதே. டெட்ரா, டிஸ்கஸ் வைத்திருப்பவர்கள் எடுத்துத்தான் ஆக வேண்டும். பி.எச்.சை இறக்க அமிலம் ஊற்றிக்கொண்டிருப்பது முடிவில்லாத வேலை, சுண்ணாம்பு கரையக் கரையத் திரும்ப ஏறும்.

அறிகுறி 10: தொட்டிக்குக் கீழே ஈரம், அல்லது தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

ஈரம் முதலில். வேலை செய்தபோது சிந்தியதா, ஏர் ட்யூப் வழியாக வழிகிறதா என்று பாருங்கள். சுற்றிலும் துடைத்துவிட்டு, அடியைச் சுற்றி நாளிதழ்த் தாள் வையுங்கள். சில மணி நேரத்தில் எந்த மூலை நனைகிறது என்று தெரிந்துவிடும். தாள் காய்ந்தே இருந்தால் நிம்மதி.

மூலைச் சிலிக்கான் வழியாகக் கசிந்தால், தண்ணீரைக் கசிவுக்குக் கீழே இறக்கிவிட்டுத் தொட்டி செய்பவரைக் கூப்பிடுங்கள். வெளிப்புறமாகச் சிலிக்கான் அப்புவது நிற்காது, பழையதைச் சுரண்டி எடுத்து உள்ளிருந்து புதிதாகப் போட வேண்டும். மணலால் கூடும் எடை, அது விலக்கும் தண்ணீர் போக, இந்தத் தொட்டிக்கு 5 கிலோ அளவில்தான். நல்ல ஸ்டாண்டுக்கு அது பொருட்டில்லை. ஸ்டாண்டு சமமில்லாமலோ, அடியில் தெர்மாகோல் இல்லாமலோ இருந்தால்தான் தொல்லை. அடிக் கண்ணாடியில் விரிசல் என்றால் ஒட்டுவேலை வேண்டாம், உடனே காலி செய்யுங்கள். பாறையை மணல் மேல் வைத்து, மீன் அதன் அடியைத் தோண்டிச் சாய்த்திருக்கும். பாறையை முதலில் கண்ணாடி மேல் அசையாமல் வைத்து, அதைச் சுற்றித்தான் மணல் போட வேண்டும்.

கையில் சுர்ரென்றால், கையை எடுத்துவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். தொட்டிப் பக்கத்து சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு மறுபடி கையை விட்டுப் பார்க்காதீர்கள். மணல் வேலைக்காகத் தண்ணீரை இறக்கியபோது ஹீட்டரை அணைக்க மறந்திருந்தால், அது காற்றில் சூடேறி, தண்ணீர் பட்டதும் அதன் கண்ணாடிக் குழாய் வெடித்திருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தும், மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் ஆர்சிசிபியும் பார்க்கச் சொல்லுங்கள். வெடித்த ஹீட்டரை ஒட்டப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். புதிதாக வாங்கினால் அதன் நுனி மணலில் புதையாமல் மாட்டுங்கள், புதைந்த பகுதி அதிகம் சூடேறி அதுவும் உடையும்.